பிறன் பெயரில் 'நான்': ஓராள் நாடகமும் அகப்பொருள் மரபின் பெயர் விலக்கும்

நாடகம் பலர் கூடி நிகழ்த்தும் கலை என்பதே பொதுவான கருத்து. எனினும் ஒருவரே அரங்கில் நின்று, வரலாற்றில் வாழ்ந்த மற்றொருவராகத் தம்மைக் கூறிக்கொண்டு, அவர்தம் வாழ்வை நடித்துக் காட்டும் ஓராள் நாடகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொட்டுப் பல மொழிகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. இவ்வகை நாடகங்களின் நடிப்புத் திறனைப் பற்றிப் பேசுவோர் பலர். அவற்றின் அறத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மக்களால் பெரிதும் விரும்பப்படும் ஒருவர், பெயரும் ஊரும் எல்லாரும் அறிந்தவர், சில வேளைகளில் இன்னும் உயிரோடிருப்பவர். அவராகத் தம்மைக் கூறிக்கொண்டு 'நான்' எனப் பேசும் உரிமை ஒரு நடிகருக்கு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவைத் தமிழ்ப் பொருளிலக்கண மரபின் துணைகொண்டு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு விளையாட்டு வீரர் இருவரின் வாழ்வு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒருவரைப் பற்றி நியூயார்க்கில் 2003ஆம் ஆண்டு ஓராள் நாடகம் நிகழ்ந்தது. மற்றவர் பம்பாயில் விளையாடியவர். அவரைப் பற்றி ஓராள் நாடகம் ஒன்று எழுதப்படுமானால் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் எழும் வினா. அரசரையும் அடியவரையும் விடுத்து விளையாட்டு வீரரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வீரரின் பெருமை அவர் உடம்பின் வழியாக உலகறிய நிகழ்வது. அவர் பேச வேண்டிய தேவையே இல்லாதது. அத்தகையவரைப் பேச வைக்கும்போதுதான் பிறன் வாயால் பேசுதல் என்னும் சிக்கல் தெளிவாகப் புலப்படுகிறது.

யோகி என்னும் பெயர்

நமக்குக் கிரிக்கெட் எவ்வாறோ அவ்வாறே அமெரிக்கருக்குப் பேஸ்பால். அவ்விளையாட்டில் மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரின் இடம், கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரின் இடத்தை ஒத்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியில் அவ்விடத்தில் நெடுங்காலம் விளையாடியவர் லாரன்ஸ் பீட்டர் பெரா. இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1925இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்து 1944இல் நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்றவர். ஆட்டக்காரராகப் பத்து முறை உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தவர். இளமையில் நண்பர் ஒருவர், இந்தியாவைக் காட்டிய படம் ஒன்றில் கண்ட யோகியைப் போல இவர் காலை மடித்து அமர்ந்திருக்கக் கண்டு 'யோகி' என அழைக்க, அப்பெயரே நிலைத்தது. நம் நாட்டுச் சொல் ஒன்று அமெரிக்க ஆட்டக்களத்தில் இவ்வாறு குடியேறியது வியப்பே.

யோகி பெரா தம் ஆட்டத்திற்காக மட்டுமன்றித் தம் பேச்சிற்காகவும் விரும்பப்பட்டார். கேட்டவுடன் பிழைபோலத் தோன்றி, எண்ணிப் பார்க்க உண்மை எனப்படும் வாக்கியங்கள் பல அவர் பெயரில் வழங்குகின்றன. அவற்றுள் அவர் கூறாதனவும் கலந்துள்ளன. தாம் சொன்னவற்றை எல்லாம் தாம் சொன்னதில்லை என்ற பொருளில் அவர் மறுத்துரைத்ததும் அவர்தம் வாக்கியங்களுள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. தனிப்பாடல்களைப் பயின்றோர்க்கு இது புதியதன்று. சிலேடை நயத்தோடு ஒரு பாடல் கிடைத்தால் அதைக் காளமேகத்தின் பெயரில் ஏற்றிவிடுவதும், அறிவுரையாயின் ஔவைக்கு உரிமையாக்குவதும் நம்மிடம் வழக்கமே. விரும்பப்படும் ஒருவரின் வாயில் மக்கள் தம் சொற்களை வைக்கிறார்கள். அது அன்பின் ஒரு வடிவம். ஆனால் அன்புக்குரியவரிடம் எவரும் இசைவு கேட்பதில்லை.

1985ஆம் ஆண்டு யோகி பெரா யாங்கீஸ் அணியின் மேலாளராக இருந்தார். அவர் மகன் டேலும் அவ்வாண்டு அதே அணியில் ஆட்டக்காரர். பருவம் தொடங்கிப் பதினாறு ஆட்டங்களே நிகழ்ந்திருந்த நிலையில் அணி உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பதவி போனதைக் காட்டிலும், அச்செய்தியை உரிமையாளர் நேரில் கூறாது வேறொருவரை விடுத்துச் சொல்லச் செய்ததே பெராவின் உள்ளத்தைப் புண்படுத்தியது. ஸ்டெயின்பிரென்னர் உரிமையாளராக இருக்கும் வரை அம்மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று உறுதி பூண்டார். பதினான்கு ஆண்டுகள் அவ்வுறுதியைக் காத்தார். 1999 சனவரியில் ஸ்டெயின்பிரென்னர் தாமே நியூ செர்சியிலுள்ள பெராவின் அருங்காட்சியகத்திற்குச் சென்று வருத்தம் தெரிவித்த பின்னரே அவர் மீண்டும் அம்மைதானத்திற்குத் திரும்பினார்.

இத்திரும்புதலையே களமாகக் கொண்டு தாமஸ் லைசாட் எழுதிய ஓராள் நாடகம் 2003இல் நியூயார்க்கின் லாம்ஸ் அரங்கில் நிகழ்த்தப்பெற்றது. 'நோபடி டோன்ட் லைக் யோகி' என்பது அதன் பெயர். யோகியை விரும்பாதார் எவருமில்லை என்பது கருத்து. ஆனால் தலைப்பின் ஆங்கிலமே இலக்கண வழுவுடையது. பெராவின் பேச்சுநடையைத் தலைப்பிலேயே அணிந்துகொண்டது அந்நாடகம். பெராவாக நடித்தவர் பென் காசாரா. அவர் 1930இல் நியூயார்க்கில் சிசிலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். நாடகம் அரங்கேறியபோது அவருக்கு அகவை 73. மைதானத்திற்குத் திரும்பிய 1999இன் இளவேனிலில் பெராவுக்கும் அதே அகவைதான். குடிவழியும் முதுமையும் இவ்வாறு பொருந்திவந்தன.

இங்கு ஒரு முரணைக் காண்கிறோம். பெராவின் மனக்குறை, தமக்குரிய செய்தியைப் பிறன் வாயால் கேட்க நேர்ந்தது. அம்மனக்குறையைக் கூறும் நாடகமோ பெராவைப் பிறன் வாயால் பேச வைக்கிறது. அப்போது பெரா உயிரோடிருந்தார், 2015இல்தான் மறைந்தார். தூது விடுத்தவரை மன்னிக்கப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரின் உள்ளத்தை, அவர் தூது விடுக்காத ஒருவர் மேடையில் எடுத்துரைக்கிறார். இதில் தீங்கு உண்டா? உண்டெனில் யாது?

பெயரும் உள்ளமும்

பிறராக நின்று பேசுதல் தமிழ்க் கவிதைக்கு அயலானதன்று. சங்க அகப்பாடல்கள் யாவும் பிறர் கூற்றே. கபிலர் தோழியாகப் பேசுகிறார். பரணர் தலைவியாகப் பேசுகிறார். ஓர் ஆண் ஒரு பெண்ணின் 'நான்' ஆவதில் நம் இலக்கண மரபு எக்குறையும் கண்டதில்லை. ஆனால் அது ஒரு வேலியை இட்டது. அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டி அவர் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. பெயர் வந்தால் பாடல் புறமாகிவிடும்.

இவ்விதியின் கடுமையை உணர நெடுநல்வாடை ஒன்றே போதும். பிரிந்த கணவனை எண்ணித் தேவி வருந்துவதும், பாசறையில் அரசன் நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டுவருவதும் அப்பாட்டில் அமைந்துள்ளன. எங்கும் பெயரில்லை. எனினும் வேலில் வேம்பு சூட்டப்பட்டது கூறப்படுகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளத்தால் தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிடுதலின் அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்று உரைமரபு கொண்டது. ஒரு பூவால் ஆள் தெரிந்துவிடும் என்பதற்கே இத்தனை எச்சரிக்கை!

இவ்விதியை இலக்கிய அழகியலாகவே பெரும்பாலும் விளக்குவர்; பெயரில்லாதபோது உணர்வு எல்லார்க்கும் பொதுவாகிறது என்பர். அது உண்மையே. ஆயின் அதனுள் ஓர் அறமும் உள்ளது எனக் கருதுவதற்கு இடமுண்டு. ஒருவரின் புகழ், கொடை, வீரம் ஆகியவை ஊரறிய நிகழ்ந்தவை. அவற்றைப் பெயரோடு பாடலாம். ஒருவர் தனிமையில் எதை எண்ணி அழுதார் என்பது ஊர்க்குரியதன்று. அதைப் பாட வேண்டுமாயின் பெயரை எடுத்துவிட்டுப் பாடுக என்பதே மரபின் தீர்வு. பெயர் ஒரு பக்கம், உள்ளம் ஒரு பக்கம்; இரண்டையும் ஒரே கையில் பிடிக்கக் கூடாது.

ஓராள் வாழ்க்கை நாடகம் இரண்டையும் ஒரே கையில் பிடிக்கிறது. பெயர் இல்லையேல் கூட்டம் வாராது. உள்ளம் இல்லையேல் நாடகம் இல்லை.

இவ்விடத்தில் மராத்தி மேடையோடு ஓர் ஒப்பீடு பயன்படும். மும்பையில் வாழும் தமிழர்க்கு அம்மேடை அண்டை வீடு. பு.ல. தேஷ்பாண்டே 1960களின் தொடக்கத்தில் தம் 'படாட்யாச்சி சாள்' என்னும் நூலைத் தாம் ஒருவராகவே மேடையேற்றினார். ஒரு வாடகைக் குடியிருப்பின் மாந்தர் அனைவரும் அவர் ஒருவரது உடம்பில் தோன்றி மறைந்தனர். அம்மாந்தர் அனைவரும் கற்பனை. எனவே அவர்தம் அற்பத்தனத்தையும் ஆசையையும் எவ்வளவு வெளிப்படுத்தினாலும் எவர் வீட்டுக் கதவும் உடைக்கப்படவில்லை. பார்வையாளர் ஒவ்வொருவரும் தம் அண்டை வீட்டாரைக் கண்டு சிரித்தனர். உண்மையில் தம்மையே கண்டனர். தொல்காப்பிய விதி எதிர்பார்ப்பதும் இதனையே.

'என்று' என்னும் இடைவெளி

பெயரோடு கூடியவரின் உள்ளத்தைப் பேசவே கூடாது என்றால் கம்பனும் இல்லை, கதாகாலட்சேபமும் இல்லை. ஆதலின் விதியை அவ்வளவு இறுக்குதல் பொருந்தாது. வேறு ஒரு வாயில் உண்டா என நோக்குதல் வேண்டும்.

கதாகாலட்சேபம் செய்பவர் மேடையில் ஒருவரே. அவர் சீதையாகப் புலம்புவார்; நொடியில் அனுமனாவார்; அடுத்த நொடியில் 'என்று சொன்னாள்' எனத் தம் குரலுக்குத் திரும்பிவிடுவார். தோற்பாவைக் கூத்திலும் திரைக்குப் பின்னிருந்து எல்லாப் பாவைக்கும் குரல் தருபவர் ஒருவரே. பாவை வேறு, குரல் வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். தமிழில் பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது அவர்தம் 'நான்' மாறாமல் அப்படியே நிற்கும். பின்னால் வரும் 'என்று' அதைத் தாங்கிக்கொள்ளும். 'நான் வரமாட்டேன் என்று அவர் சொன்னார்' என்னும் தொடரில் வரமறுப்பவர் பேசுபவர் அல்லர் என்பதைக் காட்டுவது அந்த ஓர் இடைச்சொல்லே. அகப்பாடலின் கீழ் அமையும் 'தலைவி கூற்று' என்ற குறிப்பும் இதே பணியைச் செய்கிறது. கதாகாலட்சேபக்காரர் எவ்வளவு உருகினாலும் 'என்று' அவரை மீட்டுக்கொண்டு வரும். நவீன ஓராள் வாழ்க்கை நாடகம் இந்த 'என்று' என்பதை நீக்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் நடிகர் 'நான்' என்றே பேசுகிறார். அவரை மீட்டுக்கொள்ளும் இடைச்சொல் வருவதில்லை.

எனினும் சொல்லால் நேராத இடைவெளி உடம்பால் நேரலாம். சிலப்பதிகாரம் நடுகற் காதையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் கொட்டிச்சேதம் ஆடுகிறான். உமையொரு பாகனாக இறைவன் ஆடிய ஆடல் அது. ஒரே கூத்தனின் உடம்பில் ஒரு பாதி சிலம்பொலிக்கப் பறையொலிக்கச் சடை சுழல ஆடுகிறது. மற்றப் பாதியில் மேகலை ஒலிக்கவில்லை, காதணி அசையவில்லை, கூந்தல் அவிழவில்லை. தமிழிலக்கியம் காட்டும் ஓராள் அரங்குகளுள் இதுவே மிகவும் நுட்பமானது என்று கூறத் தோன்றுகிறது. இளங்கோவடிகள் ஆடும் பாதியைச் சில அடிகளில் சொல்லி, ஆடாத பாதியை ஒவ்வோர் அணியாக எண்ணிச் சொல்கிறார். கூத்தனின் திறம் அசையாமையில் இருப்பதாகவே அவர் கண்டார் போலும்.

இதனை ஓராள் நாடகத்தின் இலக்கணமாக விரித்துக் கொள்ளலாம். நடிகரின் ஒரு பாதி வீரராக ஆடட்டும். மற்றப் பாதி ஆடாமல் நின்று 'இது நான் அல்லேன்' என்று காட்டட்டும். காசாரா பெராவைப் போன்ற தோற்றமுடையவர் அல்லர். நியூயார்க்கினர் அவர் முகத்தைத் திரைப்படங்களில் பல்லாண்டு கண்டு பழகியவர்கள். பெராவின் சட்டைக்குள் காசாராவை அவர்கள் காணாமலிருக்க முடியாது. அந்நாடகத்தை இவ்வகையில் நியாயப்படுத்தலாம். புகழ் வாய்ந்த நடிகர் புகழ் வாய்ந்தவராக நடிக்கும்போது இடைச்சொல்லின் வேலையை நடிகரின் முகமே செய்துவிடுகிறது. முற்றிலும் உருமாறி, நடிகர் யார் என்றே தெரியாதபடி நடிப்பதைப் பெருந்திறனாகப் போற்றும் வழக்கம் இன்று உண்டு. இங்கு எழுப்பப்படும் வினாவின் நோக்கில் அத்திறனே ஐயத்திற்குரியது.

பனையடியில் நின்றவள்

வீரரை விரும்புவோர் பேச வேறொரு வழியும் உண்டு. அது புறநானூற்றில் உள்ளது.

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வல்லவன். அவன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு கால் மார்பில் ஊன்ற, மறு கால் எதிரியின் தந்திரத்தைத் தடுக்க அவன் பொருத காட்சியைக் காட்டி, அதை அவன் தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், காண வேண்டும் என்று புலவர் விழைகிறார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஏதோ கசப்பு இருந்தது என்பது குறிப்பால் புலனாகிறது. ஆனால் கிள்ளியின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று புலவர் கூறவில்லை. தந்தை காணவேண்டும் என்ற விருப்பம் புலவருடையது.

இதே கிள்ளியைக் காதலித்தவராக நக்கண்ணையார் மூன்று பாடல்களில் பேசுகிறார் (புறம். 83, 84, 85). மூன்றாவது பாடல் ஒரு விளையாட்டுக் களத்தைக் கண்முன் நிறுத்துகிறது. அந்த ஊர் அவன் ஊரன்று, அந்த நாடு அவன் நாடன்று. ஆதலால் கூட்டத்தில் ஒரு சாரார் வென்றான் என்கின்றனர், மற்றொரு சாரார் வெல்லவில்லை என்கின்றனர். வெளியூர் அணிக்கு எந்த மைதானத்திலும் நேர்வது இது. அவள் பனைமரத்தில் சாய்ந்து நின்று தன் கண்ணால் அவன் வெற்றியைக் காண்கிறாள். பாடல் முழுவதும் அவளுடைய 'நான்'. அவன் என்ன எண்ணினான், அஞ்சினானா, யாரை நினைத்தான் என்பதை அவள் கூறவேயில்லை. அவன் பெயரையும் பாடலுக்குள் அவள் கூறவில்லை. தொகுத்தோர் பாடலின் அடியில் வைத்த குறிப்பே கிள்ளியைச் சுட்டுகிறது. கைக்கிளையாகப் புறத்தில் சேர்க்கிறது.

விரும்புவோன் விரும்பப்படுவோனாகத் தன்னைக் கூறிக்கொள்ளாமல், தான் நின்ற இடத்திலிருந்தே பேசும் நெறி இது. ஓராள் நாடகத்திற்கு இதைப் பொருத்தினால் மேடையில் நிற்பவர் வீரர் அல்லர், வீரரைக் கண்டவர். பெராவின் நாடகத்தில் பெராவுக்குப் பதில், செய்தி சொல்ல அனுப்பப்பட்டவர் மேடையேறியிருக்கலாம். அல்லது அதே அணியில் இருந்துகொண்டு தந்தை நீக்கப்படுவதைக் கண்ட மகன். அந்நாடகம் இதைக் காட்டிலும் சிறந்திருக்குமா என்பது வேறு வினா. குற்றவுணர்வு கொண்ட ஒருவர் பேசும்போது பேச்சு கூர்மை பெறும் என்பது என் எண்ணம்.

பாலூவின் மண்கோப்பை

இதுவரை கூறியவை வினாவை ஓரளவு தீர்த்துவிட்டதாகத் தோன்றலாம். மும்பைக்குத் திரும்பும்போது அத்தீர்வு ஆட்டம் காண்கிறது. இக்கட்டுரையாளர் வாழும் சுனாபட்டியில், சுண்ணாம்புச் சூளையின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்தில், துறைமுக வழித்தட ரயிலேறித் தெற்கே கடைசி நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் பம்பாய் ஜிம்கானா மைதானம் வரும். 1906இல் அங்குதான் இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றிக்குப் பெரிதும் காரணமானவர் பல்வங்கர் பாலூ. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.

பாலூ 1876இல் பிறந்தவர். தோல்தொழில் சார்ந்த சமார் சாதியினர். புனேயில் ஐரோப்பியரின் ஆடுகளத்தைப் பெருக்கியும் உருட்டியும் பராமரிக்கும் பணியாளராக மாதம் 4 ரூபாய் ஊதியத்தில் வேலை செய்துகொண்டே வெள்ளையர்க்குப் பயிற்சிப் பந்து வீசி ஆட்டத்தைக் கற்றார். அவர் திறம் தேவைப்பட்டதால் புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் ஆட்டரங்கக் கட்டடத்திற்கு வெளியே நின்று, பயன்படுத்தி எறியப்படும் மண்கோப்பையில் அருந்தவேண்டும். பின்னர் பம்பாய்க்கு வந்தார். 1911இல் பட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் அவ்வணிக்குத் தலைமை ஏற்றார். பாலூ 1955இல் மறைந்தார்.

இளமையில் அம்பேத்கர் பாலூவைப் பெரிதும் மதித்தவர். ஆனால் 1932இன் புனே ஒப்பந்தத்தை ஒட்டி, சென்னையைச் சேர்ந்த எம்.சி. ராஜாவோடு பாலூ நின்ற இடம் வேறு. 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு பாலூவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர்.

இத்தகையவரைப் பற்றி ஓர் ஓராள் நாடகம் தாராவியில் நிகழ்வதாகக் கொள்வோம். தாராவி அதற்கு ஏற்ற இடம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பலர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள். பாலூவின் குலத்தொழிலின் நாற்றமும் அதனால் வந்த இழிவும் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. அவ்வரங்கில் நடிகர் மண்கோப்பையைக் கையில் எடுத்து 'நான்' என்று தொடங்கினால் அடுத்து என்ன பேசுவார்? சினத்தைப் பேசுவார். அல்லது பொறுமையைப் பேசுவார். இரண்டும் நடிகருடையவை. 1937ஐப் பற்றிப் பேச நேர்ந்தால் சிக்கல் இன்னும் மிகும். அம்பேத்கரைத் தெய்வத்திற்கு இணையாக மதிக்கும் மக்கள் முன்னே பாலூ வருந்தியதாகக் காட்டவே நடிகர் மனம் இழுக்கும். வருந்தாத பாலூவைக் காட்டினால் கூட்டம் அவரை வெறுக்கும்; வருந்திய பாலூவைக் காட்டினால் இறந்தவர் மேல் ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுதி அவர் கையொப்பத்தை நாம் இட்டதாகும். பெயர் விலக்கு விதி தடுக்க விரும்பிய தீங்கு இதுவே என்பேன்.

இக்கருத்தை மாணவர் கூட்டம் ஒன்றில் யான் எடுத்துரைத்தபோது, தாராவியில் வளர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் எழுந்து மறுத்தார். அவர் சொன்னது ஏறத்தாழ இது: "ஐயா, பெயர் சொல்லக் கூடாது என்ற விதி பெயர் உள்ளவர்களுக்குக் காவல். எங்களுக்குப் பெயரே இல்லாமல்தானே இருந்தது? பாலூவைப் பற்றிப் பிறர் பேசியது போதும். 'நான்' என்று ஒருவன் மேடையில் நிற்கட்டும். தவறாகச் சொன்னாலும் சொல்லட்டும்."

அவர் சொல்லிய பின்னரே புறநானூற்றின் 82ஆம் பாடல் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. கிள்ளியின் மற்போர் விரைவுக்குச் சாத்தந்தையார் அங்கு ஓர் உவமை கூறுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி மகப்பேற்று வலியில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு விரையுமோ அவ்வளவு விரைந்தது அப்போர். இவ்வுவமையின் அழகை நாம் வகுப்பில் பல்லாண்டு பாராட்டி வந்துள்ளோம். அத்தொழிலாளியைப் புலவர் 'இழிசினன்' என்ற சொல்லாலேயே சுட்டுகிறார். மன்னனுக்குப் பெயர் உண்டு, தந்தையின் பெயரும் உண்டு. இவனுக்கு மனைவியும் வேலையும் அச்சமும் அவசரமும் உண்டு. அதாவது ஓர் அகம் முழுமையும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. அகப்பாடலின் தலைவிக்குப் பெயர் இல்லாததும் இவனுக்குப் பெயர் இல்லாததும் ஒன்றல்ல. அவளுக்குப் பெயர் மறைக்கப்பட்டது. இவனுக்குப் பெயர் கேட்கப்படவே இல்லை.

ஆகவே என் முன்னைய நிலைப்பாட்டை அவ்வாறே காக்க இயலவில்லை. பெராவுக்குப் பொருந்தும் விதி பாலூவுக்கு முழுதும் பொருந்தாது. பெரா உயிரோடிருந்தார், நாடகம் பிழையாயின் மறுத்துச் சொல்ல அவருக்கு வாயும், அதைக் கேட்க ஒரு நாடும் இருந்தன. தாம் சொல்லாததைச் சொன்னதாகக் கூறியபோது அதை மறுத்தும் காட்டினார். பாலூவின் நிலை வேறு. அவர்தம் தம்பி விட்டல் மராத்தியில் தம் வரலாற்றை எழுதினார். ராமச்சந்திர குஹா 2002இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூலே பாலூவின் பெயரைப் பலர் அறியச் செய்தது. அதற்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில் அவர் பெயரே பலர்க்கும் மறந்திருந்தது. பெயரை மீட்பதே முதற்கடன் ஆகும்போது பெயரை விலக்கு என்று கூறுதல் முறையன்று.

ஆயினும் மாணவரின் கூற்றில் ஒரு பகுதியை மட்டும் யான் ஏற்கவில்லை. தவறாகச் சொன்னாலும் சொல்லட்டும் என்றார். எவர் தவறு என்பது அரங்கில் தெரிந்தாக வேண்டும். அதற்கு இடைச்சொல் வேண்டும். அல்லது சாக்கையனின் அசையாத பாதி வேண்டும். அவரோடு பின்னர் மாட்டுங்காவில் தேநீர்க் கடை ஒன்றில் நின்று இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். 1937ஐப் பற்றி என்ன செய்வீர் என்று கேட்டேன். வாக்கு எண்ணிக்கை இரண்டையும் சொல்லிவிட்டு நடிகர் நெடுநேரம் பேசாமல் நிற்கலாம் என்றார். மண்கோப்பைக் காட்சியை எப்படி அமைப்பீர் என்றும் கேட்டேன். நடிகர் கோப்பையைக் கையில் எடுக்கும் வரை பாலூவாக இருக்கலாம். அருந்தும் நேரத்தில் தன் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் தன் ஊரையும் அவையோருக்குச் சொல்லிவிட்டு அருந்தலாம் என்றார். பாலூ அதை எப்படி அருந்தினார் என்பது தனக்குத் தெரியாது, தான் எப்படி அருந்துவான் என்பதே தெரியும் என்றார். அதன்பின் கோப்பையை உடைப்பதா, கழுவி வைப்பதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.